அரசியின் பெயரில் ஓர் அறை: பாரிஸ் கிரியோன் ஓட்டலின் மேரி அந்துவானெத் சூட், ஒரு நிகழ்வு ஆய்வு

பாரிஸ் நகரின் கோன்கோர்ட் சதுக்கத்தில் வடக்குப் பார்த்து நின்றால், நீண்ட தூண் வரிசையோடு இரண்டு கட்டிடங்கள் தெரியும். அச்சில் வார்த்ததுபோல் ஒரே உருவம். இடையில் ரூ ருவாயால் என்ற அகலமான தெரு. மேற்குக் கட்டிடத்தின் கடைசி மூலையில் இருப்பதுதான் கிரியோன் ஓட்டல். நான்கு ஆண்டு புதுப்பிப்பு வேலைக்குப் பிறகு 2017 ஜூலையில் இந்த ஓட்டல் மீண்டும் திறந்தது. அதன் சிறப்பு சூட்களில் (பல அறைகள் சேர்ந்த சொகுசுப் பகுதிகளில்) ஒன்றுக்கு மேரி அந்துவானெத் என்று பெயர். புரட்சிக்கு முந்தைய பிரான்ஸின் கடைசி அரசி அவர். 1793 அக்டோபர் 16 அன்று அவர் கழுத்தில் கத்தி இறங்கியது இதே சதுக்கத்தில், இந்த ஓட்டலின் சன்னல்களுக்கு எதிரே.

வரலாற்று மனிதர்களின் பெயரில் சொகுசு அறை அமைப்பது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம்தான். ஆனால் ஒருவர் கொல்லப்பட்ட இடத்தைப் பார்த்தபடி, அவர் பெயரில், அவருடைய ரசனையைக் கொண்டாடும் அறை அமைப்பது அபூர்வம். அதை எப்படிச் செய்தார்கள், எங்கே சரியாகச் செய்தார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் நோக்கம். என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அலங்காரத்தில் இந்த ஓட்டல் நிதானம் காட்டியிருக்கிறது, அது பாராட்டுக்குரியது. கதை சொல்வதில் மட்டும் கையில் தங்கம் இருக்கும்போது பித்தளையைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

கட்டிடத்தின் கதை

பதினைந்தாம் லூயி மன்னருக்காக இந்தச் சதுக்கத்தை வடிவமைத்தவர் அரச கட்டிடக் கலைஞர் ஆன்ஜ்-ஜாக் கப்ரியேல். 1750களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது. நடுவில் மன்னரின் குதிரைச் சிலை, வடக்கே இந்த இரட்டை மாளிகைகள். இதில் ஒரு வினோதம் உண்டு. முதலில் எழுந்தது முகப்பு மட்டும்தான். கிழக்குப் பக்கம் அரச சாமான்களைப் பாதுகாக்கும் அலுவலகத்துக்குப் போனது. மேற்குப் பக்கத்தில் முகப்புக்குப் பின்னால் இருந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அரண்மனை. உள்ளே நான்கு தனித்தனி வீடுகள்.

அதில் மூலை மனையை 1775-ல் வாங்கியவர் லூயி-பிரான்சுவா த்ரூவார் என்ற கட்டிடக் கலைஞர். அவரிடமிருந்து வீட்டை வாடகைக்கு எடுத்தவர் ஓமோன் பிரபு. மன்னரின் அந்தரங்கப் பணிகளுக்குத் தலைமை ஏற்கும் பதவியில் இருந்தவர். பளிங்கு, போர்ஃபிரி, ஜாஸ்பர் போன்ற அரிய கற்களாலான பொருட்களைச் சேகரிப்பதில் அந்தக் காலத்தில் அவருக்கு நிகர் இல்லை. உள் அலங்காரத்துக்குப் பியேர்-அத்ரியான் பாரி என்ற இளம் கலைஞரை அழைத்தார். ஓமோன் பிரபு 1782-ல் இறந்துபோக, 1788-ல் வீடு கிரியோன் பிரபுவின் கைக்கு வந்தது. இன்றைய பெயர் அவருடையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்த வம்சாவழியிடமே இருந்து, பிறகு விற்கப்பட்டு 1909-ல் ஓட்டலாகத் திறந்தது. முதல் உலகப் போருக்குப் பின் 1919-ல் நடந்த பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு வந்த அமெரிக்கக் குழு தங்கியது இங்கேதான். சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) சாசனத்தை விவாதித்து எழுதிய கூட்டங்களும் இங்கே நடந்தன.

அரசிக்கும் இந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஓட்டல் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. மேரி அந்துவானெத் இந்த வீட்டுக்கு வந்து இசைப் பாடம் கற்றார், தோழிகளோடு பொழுது போக்கினார் என்பார்கள். முதல் தளத்தில் சதுக்கத்தைப் பார்த்தபடி அவர் பெயரில் ஒரு கூடமே இருக்கிறது. பயணக் கட்டுரைகளிலும் இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

எனக்கு இந்தக் கதையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அரசிக்கு இசை தெரியும் என்பது உண்மை. ஹார்ப் வாசிப்பார், வியன்னாவில் சிறுமியாக இருந்தபோது அவருக்குப் பாடம் சொன்னவர் இசையமைப்பாளர் க்ளுக். ஆனால் பிரான்ஸின் அரசிக்குப் பாடம் நடத்த ஆசிரியர்தான் அரண்மனைக்குப் போவார். அரசி கோச்சு வண்டி பூட்டிக்கொண்டு, அரச குடும்பம் வாழ்ந்த வெர்சாய் அரண்மனையிலிருந்து பாரிஸுக்கு, ஒரு பிரபுவின் வாடகை வீட்டுக்கு, பாடம் கேட்க வந்தார் என்றால் அதற்குக் கொஞ்சம் அழுத்தமான ஆதாரம் வேண்டும். புகழ்பெற்ற கட்டிடங்கள் இப்படிக் கதைகளை இழுத்துக்கொள்வது சகஜம். 1778 பிப்ரவரி 6 அன்று பிரான்ஸும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையும் கிரியோனில்தான் கையெழுத்தானது என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அதற்கான நினைவுப் பலகை இருப்பதோ அதே முகப்பின் இன்னொரு மூலையில் இருக்கும் வேறு வீட்டின் சுவரில்.

சரி, பாடம் கற்ற கதையை ஒதுக்கிவிட்டால் அரசிக்கும் இந்த வீட்டுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. அதைவிடப் பல மடங்கு உறுதியான தொடர்புகள் இருக்கின்றன. அவற்றை ஓட்டல் உரக்கச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதலாவது கப்ரியேல். இந்த முகப்பை வரைந்த அதே கை, 1760களில் வெர்சாய் தோட்டத்தின் ஒதுக்குப்புறத்தில் பெத்தி த்ரியானோன் என்ற சின்ன மாளிகையையும் வரைந்தது. 1774-ல் பதினாறாம் லூயி அரியணை ஏறியதும் அதை மனைவிக்குக் கொடுத்தார். பிரான்ஸில் மேரி அந்துவானெத் தனக்கென்று உரிமையோடு வாழ்ந்த முதல் வீடு என்றால் அதுதான். நேர்க்கோடுகள், அளவான அலங்காரம், தேன் நிறக் கல் என்று இரண்டுக்கும் சாயல் ஒன்று. அரசி பெயரில் அறை வைக்க, அவர் வீட்டைக் கட்டியவரே கட்டிய முகப்பு என்பதைவிட நல்ல காரணம் கிடைக்குமா?

இரண்டாவது தொடர்பு இன்னும் நெருக்கமானது. ஓமோன் பிரபு இறந்த பிறகு, அவருடைய சேகரிப்பு 1782 டிசம்பர் 12 முதல் ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடந்த இடம் இதே வீடு. படங்களோடு கூடிய ஏலப் பட்டியல் அச்சாகி வந்தது. மன்னருக்காகப் பல பொருட்களை வாங்கினார்கள். அவற்றில் சில இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அரசிக்காகவும் சில பொருட்கள் வாங்கப்பட்டன. அதில் ஒன்று ஒரு தூபக்கால். 12,000 லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) கொடுத்து எடுத்தார்கள்.

அந்தத் தூபக்கால் பிழைத்துக்கொண்டது. இன்று லண்டனில் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செந்நிற ஜாஸ்பர் கல்லில் குடைந்த வட்டக் கிண்ணம். அதைத் தாங்கும் மூன்று கால்களும் தங்கமுலாம் பூசிய வெண்கலம். காலின் உச்சியில் சிரிக்கும் காட்டுத் தேவனின் முகம், அடியில் ஆட்டுக் குளம்பு. மூன்று கால்களுக்கு நடுவே ஒரு பாம்பு சுருண்டு மேலே எழுகிறது. முலாம் முழுவதும் ஒரே பளபளப்பு இல்லை. சில இடங்கள் கண்ணாடிபோல் மின்னும், சில இடங்கள் மங்கலாக, தோல்போல இருக்கும். அந்த மங்கல் மெருகுதான் அக்காலப் பாரிஸ் வெண்கல வேலையின் உச்சம். மொத்தத்தில் சின்னப் பொருள்தான். அதை ஏலத்தில் கேட்டு வாங்கச் சொன்னவருக்குத் தரம் எது என்று தெரிந்திருக்கிறது.

ஆக, அரசி விரும்பி வாங்கிய பொருள் இந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போயிருக்கிறது. நாள் தெரியும், விலை தெரியும், பொருளும் கண்ணெதிரே இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு பாடம் கற்ற கதையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நியூயார்க்கில் இருக்கும் அசல் அறை

கிரியோனின் அறைகளைப் பற்றிப் பேசும்போது அமெரிக்காவுக்கும் ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது. ஓமோன் பிரபுவுக்காகப் பியேர்-அத்ரியான் பாரி அமைத்த சின்ன அந்தரங்க அறை ஒன்றின் மரப் பலகைகள் இந்தக் கட்டிடத்திலிருந்து கழற்றப்பட்டன. இப்போது அவை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், கிரியோன் அறை என்ற பெயரிலேயே, மறுபடி ஓர் அறையாகக் கூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஓக் மரப் பலகைகளில் கொடியும் மலரும் பறவையுமாக மெல்லிய ஓவிய வேலை. இடையிடையே கண்ணாடிகள்.

அந்த அறைக்குள் அருங்காட்சியகத்தார் வைத்திருக்கும் சாய்மஞ்சமும் நாற்காலியும் யாருடையவை தெரியுமா? 1788-ல் மேரி அந்துவானெத்தின் சேன் க்ளூ மாளிகைக்காக ஷான்-பாப்டிஸ்ட்-க்ளோத் சேனே என்ற தச்சர் செய்த தொகுப்பைச் சேர்ந்தவை. கிரியோனின் உண்மையான 18ஆம் நூற்றாண்டு அறையும் அரசியின் உண்மையான இருக்கைகளும் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்றாக இருக்கின்றன. டிக்கெட் வாங்கும் எவரும் பார்க்கலாம். பாரிஸில் இருப்பது அரசியின் பெயரும் சன்னலும்.

இதை ஓட்டலின் குறையாக நான் சொல்லவில்லை. பழைய பொருள் போய்விட்ட இடத்தில் என்ன செய்வது என்பதுதான் வடிவமைப்பாளர்களின் முன் இருந்த கேள்வி. போனதைப் போலி செய்து வைக்கலாம், அல்லது வேறு வழி தேடலாம்.

2013 முதல் 2017 வரை

2010-ல் ஓட்டல் சவூதி அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் கைக்கு மாறியது. 2013 மார்ச்சில் மூடினார்கள். அடுத்த மாதமே பழைய தட்டுமுட்டுச் சாமான்கள், விளக்குகள், கட்டில்கள், மதுக்கூடத்தின் மேடை உட்பட ஏலத்துக்குப் போயின. இந்த வீட்டுச் சாமான்களின் இரண்டாவது பெரிய ஏலம் என்று அதைச் சொல்லலாம். அதன்பின் அடியில் இரண்டு தளங்கள் தோண்டி நீச்சல் குளமும் ஸ்பாவும் அமைத்தார்கள். அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் குறைத்தார்கள், இப்போது 124. அதில் 10 சிறப்பு சூட்கள். நிர்வாகம் ரோஸ்வுட் ஓட்டல் குழுமத்திடம் வந்தது. 2018-ல் பிரெஞ்சு அரசின் உயர்தர ஓட்டல்களுக்கான 'பாலஸ்' அங்கீகாரமும் கிடைத்தது.

கட்டிட வேலை ரிஷார் மார்தினே பொறுப்பில் நடந்தது. கலை இயக்குநர் பெய்ரூத்தில் பிறந்த ஆலின் அஸ்மார் த அம்மான். அவருக்குக் கீழே த்ரிஸ்தான் ஓயெர், சகான் மினாசியான், சிரில் வெர்ஞோல் என்று மூன்று வடிவமைப்பாளர்கள் பகுதி பகுதியாகப் பொறுப்பேற்றார்கள். ஒரே கையில் முழு ஓட்டலையும் கொடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. இது ஒரு வீடாக இருந்த கட்டிடம். பல தலைமுறைகள் சேர்த்த சாமான்கள் உள்ள வீட்டில் எல்லா அறையும் ஒரே சாயலில் இருக்காது.

உடை வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்டுக்கும் இரண்டு சூட்களைக் கொடுத்தார்கள். 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸின் மேல் தீராத பிரியம் கொண்டவர் அவர். அவர் அமைத்த குளியலறையில் ஒரே பளிங்குக் கட்டியில் குடைந்த, சுமார் இரண்டு டன் எடையுள்ள தொட்டி இருக்கிறது. ஓமோன் பிரபு பார்த்திருந்தால் விலை கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இந்த வீட்டின் பழைய கல் பைத்தியத்துக்கு அது ஒரு நேர்மையான வாரிசு.

முதல் தளத்தின் வரலாற்றுக் கூடங்களைச் சட்டப் பாதுகாப்பு இருப்பதால் மாற்ற முடியாது. அங்கே துடைத்து, செப்பனிட்டு, பொன் பூச்சைச் சரிசெய்வதோடு நின்றார்கள். மேரி அந்துவானெத் சூட் வேறு ரகம். அங்கே பழைய சுவர் ஓவியமோ அரசி தொட்ட பொருளோ கிடையாது. எல்லாமே புதிதாக யோசித்தது. வெர்சாய் படுக்கையறையை நகல் எடுத்து, தங்க இலையும் தீக்கோழி இறகும் வைத்து நிரப்ப அவர்களுக்கு வசதியும் இருந்தது, பணமும் இருந்தது. செய்யவில்லை. வெளிர் நிறங்கள், மென்மையான துணிகள், பளிங்குக் குளியலறை, சதுக்கத்தைப் பார்த்த சன்னல் என்று அடக்கமாக நிறுத்தினார்கள். அரசியின் படத்தைச் சுவருக்குச் சுவர் மாட்டவும் இல்லை.

அரசி உண்மையில் எதை விரும்பினார்

இந்த அடக்கம் சரியானது என்று நான் நினைப்பதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை. மேரி அந்துவானெத் என்றதும் மலைபோன்ற கூந்தல், வைரம், கேக் என்று ஒரு சித்திரம் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்ற வாசகம் அவருடையது இல்லை. அவர் வியன்னாவில் சிறுமியாக இருந்த காலத்திலேயே, ஓர் இளவரசி சொன்னதாக அது பிரெஞ்சில் எழுதப்பட்டுவிட்டது. 1785-ல் வெடித்த வைர மாலை மோசடியிலும் அவர் குற்றமற்றவர். 16 லட்சம் லிவ்ர் மதிப்புள்ள அந்த மாலையை அவர் வேண்டாம் என்று சொன்னவர். ஆனாலும் அவர் பெயர்தான் கெட்டது.

அவர் உண்மையில் தேடியது ஒரு கதவு, அதை உள்ளேயிருந்து சாத்திக்கொள்ளும் உரிமை. வெர்சாயில் அரசி எழுவதும் உடுத்துவதும் சாப்பிடுவதும் ஊர் பார்க்க நடக்கும். 1778 டிசம்பரில் தலைப்பிரசவத்தின்போது வழக்கப்படி அறைக்குள் கூட்டம் புகுந்து, காற்றில்லாமல் அவர் மயங்கியே விழுந்தார். அப்படிப்பட்ட வாழ்க்கையில் இருந்தவருக்குத்தான் பெத்தி த்ரியானோன் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. அங்கே அவர் அழைத்தால் ஒழிய யாரும் வர முடியாது. உத்தரவுப் பலகைகளில் மன்னரின் பெயருக்குப் பதிலாக 'அரசியின் ஆணைப்படி' என்று எழுதினார்கள். பிரான்ஸில் அதற்கு முன் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. பிரபுக்கள் கொதித்துப்போனார்கள்.

அந்த மாளிகையில் ஒரு சின்ன அறை இருக்கிறது. சன்னல் வழியாக வெளியிலிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக 1776-ல் அங்கே ஒரு பொறி அமைத்தார்கள். கீழ்த்தளத்திலிருந்து இயக்கினால், தரைக்குள்ளிருந்து பெரிய கண்ணாடிகள் மேலெழுந்து சன்னல்களை மூடிக்கொள்ளும். பகல் வெளிச்சம் போய், மெழுகுவர்த்தியும் பிரதிபலிப்பும் மட்டும் மிஞ்சும். பின்னாளில் நீலப் பின்னணியில் வெள்ளைச் செதுக்கு வேலை கொண்ட பலகைகளைப் பதித்தார்கள். அந்தக் கண்ணாடிகளை இப்போதும் இயக்கிக் காட்டுகிறார்கள். ஒரு நாட்டின் அரசி தன் சன்னலை மூட இவ்வளவு மெனக்கெட வேண்டியிருந்தது.

உடையிலும் அதே கதைதான். 1783-ல் ஓவியர் எலிசபெத் விஜே லெ ப்ரன், அரசியை வெள்ளை மஸ்லின் கவுனும் வைக்கோல் தொப்பியுமாக வரைந்தார். கண்காட்சியில் வைத்ததும் கூச்சல். அரசி உள்ளாடையோடு நிற்கிறார் என்றார்கள். படத்தை இறக்கிவிட்டு, பட்டாடையில் வேறு படம் வரைந்து மாட்ட வேண்டியதாயிற்று. மஸ்லின் இந்தியாவிலிருந்து, வங்காளத் தறிகளிலிருந்து போன துணி. லியோன் நகரப் பட்டு நெசவாளர்களுக்கு அரசியின் இந்தப் பிரியம் வயிற்றில் அடித்ததுபோல் இருந்தது. அவர்களுடைய கோபத்தில் நியாயமும் உண்டு. அரசியின் எளிமைக்குக்கூட யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருந்தார். 1783 முதல் த்ரியானோன் தோட்டத்தில் அவருக்காகக் கட்டிய பொய்க் கிராமத்துக்கும் அதேதான் பொருந்தும். குடியானவர் வீடுபோல் சுவரில் விரிசல் வரைந்து வைத்தார்கள். நிஜ விரிசல் விழுந்த வீடுகளில் இருந்தவர்கள் பாரிஸுக்கு வெகு தூரத்தில் இல்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், இன்றைய சொகுசு சூட் எதை விற்கிறதோ அதுவேதான் அரசி தேடியதும். கதவைச் சாத்திக்கொள்ளலாம், கூப்பிட்டால்தான் ஆள் வருவார், தோலுக்கு மெத்தென்ற துணி, கண்ணை உறுத்தாத நிறம். அரசியிடம் இருந்ததை நகல் எடுக்காமல், அரசி விரும்பியதைப் பிடித்துக்கொண்டால் அறை தானாகவே அவருக்குப் பொருந்திவிடுகிறது. கிரியோனின் வெளிர் நிறங்கள் வெர்சாயின் அரசவையைவிட த்ரியானோனின் அந்தச் சின்ன அறைக்குப் பக்கத்தில் இருப்பது அதனால்தான்.

சன்னலுக்கு வெளியே

இப்போது சதுக்கத்துக்கு வருவோம். இந்த நிகழ்வின் கனமான பகுதி இதுதான். இதை அறையின் விளம்பரத்தில் 'கோன்கோர்ட் சதுக்கத்தின் அழகிய காட்சி' என்ற ஒரு வரியில் தாண்டிவிட முடியாது.

மேரி அந்துவானெத்துக்கும் இந்தச் சதுக்கத்துக்கும் உள்ள உறவு ஒரு கல்யாணத்தில் தொடங்கியது. 1770 மே 16 அன்று வெர்சாயில் திருமணம். மணமகளுக்கு வயது 14. மே 30 இரவு, பாரிஸ் மக்களுக்காக இந்தச் சதுக்கத்தில் வாணவேடிக்கை. ரூ ருவாயால் அப்போது முழுதாகக் கட்டி முடிக்கப்படவில்லை. பள்ளங்களும் கல் குவியல்களும் கிடந்தன. வேடிக்கை முடிந்து கலைந்த கூட்டமும் எதிரே வந்த கூட்டமும் அந்தத் தெருவில் முட்டிக்கொண்டன. அதிகாரபூர்வக் கணக்குப்படி 132 பேர் நசுங்கி இறந்தார்கள். மணமகனான இளவரசர் லூயி தன் மாதப் படியை அப்படியே பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுப்பினார். இறந்தவர்களைப் பக்கத்து மாதலேன் கோயிலின் இடுகாட்டில் புதைத்தார்கள்.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1789 அக்டோபரில், அரச குடும்பத்தை வெர்சாயிலிருந்து பாரிஸுக்குக் கொண்டுவந்து துயிலெரி அரண்மனையில் வைத்தார்கள். அந்த அரண்மனைத் தோட்டம் முடிகிற இடத்தில்தான் இந்தச் சதுக்கம் தொடங்குகிறது. 1792-ல் மன்னராட்சி விழுந்தது. பதினைந்தாம் லூயியின் சிலையை இறக்கினார்கள், சதுக்கத்துக்குப் புரட்சிச் சதுக்கம் என்று பெயர் வந்தது. 1793 ஜனவரி 21 அன்று மன்னர் பதினாறாம் லூயியை இங்கே கொன்றார்கள். அவரை மூடிய கோச்சு வண்டியில் அழைத்து வந்தார்கள்.

அரசிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. கோன்சியர்ஜெரி சிறையிலிருந்து திறந்த கட்டை வண்டியில், கைகள் பின்னால் கட்டிய நிலையில், வெள்ளை உடையில் வந்தார். வழியில் ஓவியர் தவீத் அவரைப் பார்த்து ஒரு காகிதத்தில் வேகமாக வரைந்த கோட்டுப்படம் இன்றும் இருக்கிறது. வெட்டிய முடி தொப்பிக்கு வெளியே தெரிய, இறுகிய வாயோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வயது 37. பார்த்தால் 60 என்று தோன்றும். வண்டி சேன் ஓனோரே தெருவைத் தாண்டி, ரூ ருவாயால் வழியாகச் சதுக்கத்துக்குள் நுழைந்தது. அவருடைய கல்யாண வாணவேடிக்கையில் 132 பேர் செத்த அதே தெரு. இரட்டை மாளிகைகளுக்கு நடுவே வந்தபோது, த்ரியானோனைக் கட்டிய கப்ரியேலின் தூண்கள் இரு பக்கமும் இருந்தன. பகல் 12 மணிக்குச் சற்றுப் பின் எல்லாம் முடிந்தது. உடலை அதே மாதலேன் இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1815-ல் அவரது எச்சங்களைத் தோண்டியெடுத்து சேன் தெனி பேராலயத்துக்கு மாற்றினார்கள்.

1795-ல் சதுக்கத்துக்கு ஒற்றுமையைக் குறிக்கும் இன்றைய பெயர் வந்தது. நடுவில் எதை வைத்தாலும் ஏதோ ஒரு தரப்பு சண்டைக்கு வரும் என்ற நிலையில், 1836-ல் எகிப்தின் லக்சரிலிருந்து வந்த கல்தூணை நட்டார்கள். பிரான்ஸின் எந்தக் கட்சிக்கும் சம்பந்தமில்லாத தூண்.

என் மதிப்பீடு

இந்த வகை அறைகளில் இன்னொரு நல்ல உதாரணம் வெர்சாயிலேயே இருக்கிறது. 2021-ல் திறந்த லெ க்ராண்ட் கோன்த்ரோல் ஓட்டலில் 14 அறைகள்தான். அரண்மனை வளாகத்துக்குள், 1681-ல் கட்டிய கட்டிடத்தில் இயங்குகிறது. அங்கே பழங்காலச் சூழலை முழுவதுமாக மீட்டுக் காட்டுகிறார்கள். கூட்டம் போன பிறகு அரண்மனையைச் சுற்றிப் பார்க்கும் வசதியும் உண்டு. அங்கே அது பொருந்துகிறது. கிரியோன் அதே வழியில் போயிருந்தால் நாடக மேடைபோல் ஆகியிருக்கும். நகரத்தின் நடுவில், வாகன இரைச்சலுக்கு எதிரே இருக்கும் ஓட்டலுக்குத் தற்கால அறைதான் சரி.

ஆனால் அரசியை வெறும் மென்மையாக, வெறும் நிறமாகச் சுருக்குவது எனக்கு உறுத்துகிறது. அவர் பெயரில் உள்ள அறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெண்மை, நளினம் என்றே பேச்சு போகிறது. அவர் வாங்கினார், தேர்ந்தெடுத்தார், வேண்டாம் என்றார், ஆணையிட்டார், தவறும் செய்தார். பஞ்சத்தில் இருந்த நாட்டில் பொய்க் கிராமம் கட்டியதும் அவர்தான். வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்ததும் அவர்தான். இந்த முழு மனுஷியை அறிமுகம் செய்வதால் அறையின் மதிப்பு குறையாது. மரணத்தைச் சொன்னால் விருந்தினர் முகம் சுளிப்பார்கள் என்ற பயம் புரிகிறது. ஆனால் அங்கே தங்குகிற எவருக்கும் அந்தச் சதுக்கத்தில் என்ன நடந்தது என்று தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் சங்கடத்தை உண்டாக்கும்.

செய்ய வேண்டியது பெரிய செலவு வைக்கும் காரியமும் இல்லை. 1782 ஏலப் பட்டியலின் பக்கங்களை நகலெடுத்து அந்த சூட்டில் ஒரு புத்தகமாக வைக்கலாம். தூபக்காலின் நல்ல படம் ஒன்றும், அது லண்டனில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் அதோடு சேர வேண்டும். நியூயார்க்கில் இருக்கும் கிரியோன் அறையின் படம் அடுத்த பக்கம். பெத்தி த்ரியானோனின் முகப்பையும் இந்த முகப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஒரு தாள். கடைசியாக, கல்தூணுக்கு அருகே தரையில் மன்னரும் அரசியும் கொல்லப்பட்டதைக் குறிக்கும் தகடு இருக்கிறதே, அதற்கு ஓட்டல் வாசலிலிருந்து எப்படி நடந்து போவது என்ற வரைபடம். இசைப் பாடக் கதையை வேண்டுமானால் ஒரு வரியில் 'சொல்வார்கள்' என்று சேர்த்துக்கொள்ளலாம்.